மேற்படியார் விஷயமாக அத்திம்பேருக்கு ஒரு விண்ணப்பம்

ஸ்ரீரங்கம்,
வியாழக்கிழமை காலை.

ஸ்ரீமான் சக்ரபாணி அத்திம்பேர் திருவடிகளில் அடியேன் ஹயக்ரீவன் தண்டன் ஸமர்ப்பித்துச் செய்துகொள்ளும் விண்ணப்பம்.

இவ்விடம் நானும் ரஞ்சனியும் பெருமாள் கிருபையால் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. ரஞ்சனி சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அக்காவும் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டிய இடமும் இதுதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு விசாரிப்பது என்று தெரியாமல் அடுத்த பாராவுக்குப் போகிறேன்.

தெற்குச் சித்திரை வீதியிலிருந்து வடக்குச் சித்திரை வீதிக்கு எவனாவது கடுதாசி எழுதுவானா, நடந்தால் பத்து நிமிஷம்தானே என்று நினைப்பீர்கள். நடந்துதான் வந்தேன், அத்திம்பேர். சனிக்கிழமை வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் வந்தேன். இரண்டு நாளும் உங்கள் செருப்பு வாசலில் இருந்தது, உள்ளே ஃபேன் ஓடிற்று, அக்கா "அவர் இல்லைடா" என்றாள், அவளுக்குப் பின்னாலிருந்து "வெளியூர் போயிருக்கார்னு சொல்லு" என்று உங்கள் குரலே கேட்டது. போனில் என்னை பிளாக் பண்ணி வைத்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை தாயார் சன்னதியில் நேருக்கு நேர் வந்தீர்கள். நான் கை கூப்பினேன். நீங்கள் பக்கத்துத் தூணைப் பார்த்து "என்ன வேலைப்பாடு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டீர்கள். அந்தத் தூணில் ஒரு வேலைப்பாடும் கிடையாது, மொட்டைத் தூண். ஆகையால் கடுதாசி. இன்று மத்தியானம் ரஞ்சனி வத்தக்குழம்பு கொண்டுவருவாள். சம்படத்தின் மூடிமேல் இது இருக்கும். குழம்பைத் திருப்பி அனுப்பினாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நடந்ததெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதிதான் தெரியும். மீதிப் பாதி ஒரு வாரமாக என் வயிற்றில் ஜீரணமாகாமல் கிடக்கிறது. எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் சொல்ல வரும். ஆகவே தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அரங்கநல்லூர் நகராட்சியில், மன்றப் பிரிவில், முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டினேன். அப்பா போனபிறகு வேலைவெட்டி இல்லாமல் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவிரியை முறைத்துக்கொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பரீட்சை எழுத வைத்தவர் நீங்கள். அந்த ஊர் மாட்டாஸ்பத்திரியில் நீங்கள் டாக்டர்; டாக்டர் மச்சினன் என்றுதான் முதல் நாள் எனக்கு நாற்காலி போட்டார்கள். மன்றத்துக்கு எந்த விஷயம் போனாலும் அதைத் தீர்மானமாக எழுதித் தருவது என் வேலை. தெருநாய்க்கு ஊசி போடுவது, வாய்க்காலில் கோழிக்கழிவு கொட்டத் தடை, ஒலிபெருக்கிக்கு நேரம், நடுநடுவே மஞ்சப்பை நாள், மழைநீர் நாள், மேல்நிலைத் தொட்டி திறந்த நாள் என்று அந்த ஊருக்கு வருஷத்தில் முப்பது நாளாவது அறிவித்துக் கொடுத்திருப்பேன். ஒரு நாளையும் யாரும் கொண்டாடியதில்லை, நான் எழுதியதில் யாரும் ஒரு கமாவை மாற்றியதும் இல்லை. ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும் கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் "சூப்பரண்டு சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, உங்க கை பட்டாத்தான் நல்லாருக்கு" என்று போன் வரும். சம்பளம் கிடையாது, டீ உண்டு. கிழவனுக்கு அதில் ஒரு கர்வம். போகாமல் இருந்திருக்கலாம்.

என் கைக்கு ஒரு வியாதி உண்டு. ஒருவர் பெயரை ஒரு தடவை எழுதிவிட்டால் இரண்டாவது தடவை எழுதக் கூசும். 'மேற்படியார்' என்று போட்டுவிடுவேன். மேலே சொன்னவர் என்று ஒரே வார்த்தையில் முடிந்தது, மரியாதையும் குறையாது. வீட்டிலும் இதே கதைதான். மளிகைச் சீட்டில் 'துவரம்பருப்பு ஒரு கிலோ, மேற்படி உளுந்து அரை, மேற்படி உடைத்தது கால்' என்று நான் எழுதிக் கொடுத்து, கடைக்காரர் எதை உடைத்தது என்று போன் பண்ணிக் கேட்டு, ரஞ்சனி அந்தச் சீட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறாள். அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும்.

போன மாதக் கூட்டத்துக்கு மூன்று பொருள் எழுதினேன். பொருள் பதினேழு, காய்கறிச் சந்தையில் நிற்கும் கோயில் காளை பற்றிய அறிக்கை. சமயபுரத்தாளுக்கு யாரோ நேர்ந்துவிட்டது, அங்கே நிற்காமல் எங்கள் சந்தைக்கு வந்து முட்டைக்கோஸாகத் தின்று தீர்க்கிறது. பொருள் பதினெட்டு, அந்தக் காளையைக் கட்டுப்படுத்தத் துணைவிதி. பொருள் பத்தொன்பது, நீங்கள். ஊர் மாடுகளுக்கு இருபத்தாறு வருஷம் வைத்தியம் பார்த்த டாக்டர் சக்ரபாணியின் பிறந்தநாளை, இந்த எழுபத்தைந்தாவதில் தொடங்கி, ஆண்டுதோறும் 'கால்நடை நலன் நாள்' என்று அரங்கநல்லூரில் கடைப்பிடிப்பது, அன்று அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தித் தீர்மானத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது. இதற்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். படித்துறையிலிருந்து என்னைக் கிளப்பினதற்கு வேறு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது தீர்மானம் எழுதுவது மட்டும்தான்.

இங்கேதான் ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் நல்லதம்பி வந்தார். துணைவிதியில் நான் 'மேற்படி மாடு' என்று எழுதியிருந்தேன். "சார், அது ஆத்தாவுக்கு விட்ட காளை. மாடு கீடுன்னு எழுதாதீங்க. மரியாதையா எழுதுங்க" என்றார். சரி, சாமி சமாசாரம், நமக்கு எதற்கு வம்பு என்று எல்லா இடத்திலும் 'மேற்படியார்' என்று மாற்றினேன். ஒரு காளைக்கு 'ஆர்' விகுதி போட்டவன் நானாகத்தான் இருப்பேன். அதற்கப்புறம் நகர்மன்றத் தலைவர் அறிவுமதி அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஐயா, டாக்டருக்குப் பாராட்டு வைக்கிறோம், அதைப் போய் மாட்டு விதிக்குப் பின்னாலயா வைக்கிறது? முன்னால போடுங்க" என்றார். நியாயம்தானே. டைப் அடிக்கும் ஜோதியிடம், "பத்தொன்பதைத் தூக்கிப் பதினெட்டுக்கு முன்னால போடும்மா" என்றேன். இனிமேல் வருவதுதான் உங்களுக்குத் தெரியாத பாதி. அந்தப் பெண் கேட்டாள். "சார், டாக்டர் ஐயா பேரு நடுவுல வந்துட்டா கீழ இருக்கிற மேற்படியார் எல்லாம் அவரைக் காட்டாதுங்களா?" என்று கேட்டாள், அத்திம்பேர். கணக்காகக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பத்துநாலு வருஷமா எழுதறேம்மா, சொன்னதைச் செய்" என்றேன்.

மன்றத்தில் யாராவது படித்திருந்தால் பிடித்திருப்பார்கள். அங்கே படிக்கிற வழக்கமே கிடையாது. கூட்டம் பதினொன்றுக்கு. 'பொருள் எண் ஒன்று' என்று வாயெடுக்கும்போதே யாராவது ஒருத்தர் "ஆல் பாஸ்" என்பார். இருபத்தோரு பேரும் மேஜையைத் தட்டுவார்கள். பதினொன்றே காலுக்கு டீ, சமோசா. அன்றைக்கும் ஆல் பாஸ். நீங்களும் பாஸ், காளையும் பாஸ்.

தீர்மானத்தைச் சட்டம் போடத் தென்னூரில் ஒரு கடைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன், வேறு யாரையும் நம்பவில்லை. உங்கள் தீர்மானம் பாதிப் பக்கத்தில் முடிந்து அதன் கீழே அடுத்த பொருள் ஆரம்பித்திருந்தது. கடைக்காரர் "பாதியோட மடிச்சிடட்டுங்களா, ஃபுல்லா வைக்கட்டுங்களா?" என்று கேட்டார். மடித்தால் அழகு போய்விடும், முழுசாக வையுங்கள் என்றேன். அவரும் கேட்டார், ஜோதியும் கேட்டாள். கேட்க வேண்டிய ஆள் எல்லாரும் கேட்டார்கள். எனக்குத்தான் காது இல்லை.

வெள்ளிக்கிழமை மேடையில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதாவிட்டால் எனக்கு விடியாது. நீங்கள் பஞ்சகச்சமும் திருமண்ணுமாக உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா மூன்றாவது வரிசையில் எனக்குப் பக்கத்தில் புதுப்புடவையில். நல்லதம்பி மைக்கைப் பிடித்தார். திருவிழாவில் காணாமல் போன குழந்தையை அறிவித்துப் பழகின தொண்டை. அவருக்குப் படிப்பது வேறு, புரிவது வேறு. உங்கள் தீர்மானத்தைக் கணீரென்று படித்தார், கைதட்டினார்கள், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். சட்டத்துக்குள் எழுத்து மீதி இருந்தது, மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"மேற்படியார் காய்கறிச் சந்தையில் கட்டுப்பாடின்றித் திரிவதும், கடைகளில் வாய் வைப்பதும் இதன்மூலம் தடை செய்யப்படுகிறது."

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உங்களை. சபையில் நாலு பேர் தலையை ஆட்டினார்கள். ஏதோ செய்யுள் என்று நினைத்திருப்பார்கள்.

"மேற்படியார் சாலை நடுவே படுத்துக்கொள்ளும் பட்சத்தில் நால்வருக்குக் குறையாமல் சேர்ந்து அப்புறப்படுத்தலாம். மேற்படியார் முட்டும் சுபாவம் உள்ளவராகையால், இரவில் தெரியும்படி இரு கொம்புகளிலும் ஒளிரும் பட்டை ஒட்டப்படும்."

பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். நான் நாற்காலியில் வழுக்கி வழுக்கி எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு போய்விட்டேன்.

"மேற்படியார் பிடிபட்டால் நகராட்சி மாட்டுப் பட்டியில் அடைத்து வைக்கோலும் தண்ணீரும் வழங்கப்படும். ஏழு தினங்களுக்குள் உரிமையாளர் எவரும் வந்து கோராவிடில் பொது ஏலத்தில் விடப்படும்."

அப்போதுதான் அக்கா எழுந்து நின்றாள். "ஏழு நாள் எதுக்கு? நான்தான் இருக்கேனே. இப்பவே அழைச்சிண்டு போறேன்" என்றாள். அவள் உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அத்திம்பேர். அதன்பிறகு அந்த மண்டபத்தை அடக்க யாராலும் முடியவில்லை. நீங்கள் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் படி இறங்கினீர்கள். வாசலில் வரவேற்புக்குக் கட்டியிருந்த வாழைமரத்தை அந்தக் காளை நின்று நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், உங்கள் கை தானாகப் போய் அதன் நெற்றியைத் தடவிற்று. அதை எவனோ போட்டோ எடுத்து 'மேற்படியார் இருவரும்' என்று போட்டு ஊர் வாட்ஸாப்பிலெல்லாம் அனுப்பிவிட்டான். எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பினார்கள். நல்ல போட்டோ என்பதை மறுப்பதற்கில்லை, ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போனபின் அறிவுமதி அம்மா முகம் சிவந்து போய், "இது எப்படிங்க இப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் அவருக்கு நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். நான் சொன்ன வாக்கியம் இது: "டைப்ல ஏதோ மாறிப்போச்சு போலிருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். 'போலிருக்கு' என்றுதான் சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. மூன்று நாள் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி என்னை நானே விடுதலை பண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் மன்றப் பிரிவில் டைப் அடிப்பது ஒரே ஒருத்தி. அவள் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போய்விட்டாள்.

நீங்கள் திங்கட்கிழமை ஆணையருக்குப் புகார் கொடுத்தீர்கள். தட்டச்சர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்று. உங்கள் பேரில் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் ஊர் நம்பிற்று, நீங்களும் நம்பினீர்கள். என்மேல் உங்களுக்குள்ள கோபம் அந்த மேடையில் ஏற்றிவிட்டதற்கு மட்டும்தான். செவ்வாய்க்கிழமை அவளுக்கு மெமோ. ஜோதி ஒன்பது வருஷமாகத் தற்காலிகப் பணியில் இருப்பவள். வருஷா வருஷம் மன்றம் நீட்டித்தால்தான் வேலை. திருவானைக்காவலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். பெண் பிளஸ் டூ படிக்கிறது. நாளைக் காலைக் கூட்டத்தில் பொருள் எண் ஆறு, அவளுக்கு இனி நீட்டிப்பு வேண்டாம் என்பது. அது ஆல் பாஸ் ஆகிவிடும். சமோசா ஆறுவதற்குள் அவள் வேலை போய்விடும்.

அந்தப் பொருளை எழுதியது யார் என்று கேளுங்கள். நேற்று எனக்குத்தான் போன் வந்தது. "சார், விஷயம் சென்சிடிவ், உங்க கை பட்டாத்தான் சரியா இருக்கும்." போனேன், அத்திம்பேர். டீ குடித்தேன். 'தற்காலிகத் தட்டச்சர் திருமதி ஜோதி என்பவரின்' என்று ஆரம்பித்து, மேற்படியாரின் கவனக்குறைவு, மேற்படியாரால் நகராட்சிக்கு நேர்ந்த களங்கம் என்று வழுவழுவென்று எழுதி முடித்தேன். அதை டைப் அடிக்க யாரிடம் கொடுப்பது? அவளிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

அவள் படித்துப் பார்த்தாள். "சார், இதுல நாலு எடத்துல மேற்படியார்னு இருக்கு. என் பேரையே போட்டுடட்டுங்களா? நடுவுல வேற பொருள் ஏதாச்சும் வந்துட்டா, பாவம், வேற யாருமேலயாவது போயிடும்" என்றாள். குத்திக்காட்டவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டாள். "சரிம்மா" என்றேன். என் கண்ணெதிரே தன் பெயரை நாலு தடவை அடித்து, பிழை இருக்கிறதா என்று சரிபார்த்து, பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டு என் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து இலை முன்னால் உட்கார்ந்தேன், சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவமானமாக இருக்கிறது, அத்திம்பேர். அறுபத்தாறு வயதில் இப்படி ஒரு அவமானம் எனக்குள் இருக்க இடமிருந்தது என்றே எனக்குத் தெரியாது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பத்தரைக்குள் ஆணையருக்கு ஒரே ஒரு வரி எழுதிப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிடுங்கள். புகார் இல்லாவிட்டால் பொருள் ஆறு தானே விழுந்துவிடும். காரணம் எதுவும் எழுத வேண்டாம். என் பெயரும் வேண்டாம். நான் கோழை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கதியும் இருக்கிறது, அதையும் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். அடுத்த மாதம் அடியேனுக்கு 'தீர்மானச் செம்மல்' என்று ஒரு பட்டம் கொடுத்துப் பாராட்ட உத்தேசித்திருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்திருக்கிறது. இந்த நேரத்தில் என் பெயர் வெளியே வந்தால் அது போய்விடும். ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எனவே இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், அக்காவிடம் காட்ட வேண்டாம்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொள்வதை என்மேல் உள்ள கோபத்தில் விட்டுவிட வேண்டாம். பெருமாள் தங்களுக்கு நூறு பிராயம் கொடுக்கட்டும், அந்த நூறாவது பிறந்தநாள் தீர்மானத்தை வேறு யாராவது எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அடிப்பொடி,
ஹயக்ரீவன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, சாயங்காலம்.

மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடுதாசி நேற்று உங்களிடம் வந்து சேரவேயில்லை. சம்படத்தின் மூடிமேல் வைத்ததை ரஞ்சனி வாசலில் நின்றே படித்துவிட்டாள். படித்துவிட்டுக் குழம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு பேரை நாலு தடவை டைப் அடிக்க வெச்சேள். உங்க பேரை மட்டும் கிழிச்சுப் போடணுமா? நான் இதைக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டேன்" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் எனக்கு ஒரு வேலை செய்ய மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல்.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் மாடிப்படி ஏறும்போது மணி பதினொன்று. மன்றக் கூடத்துக் கதவைத் திறக்கிறேன், நல்லதம்பி "ஆல்" என்று சொல்லிவிட்டார். "கொஞ்சம் இருங்க" என்றேன். அந்தக் கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. இருபத்தோரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்வையாளர் பேசக் கூடாது என்று விதி இருக்கிறது, அதை எழுதியதும் நான்தான். "டாக்டர் தீர்மானத்துல தப்பு பண்ணினது நான். ஜோதி அப்பவே கேட்டாங்க, நான்தான் சொன்னதைச் செய்னு சொன்னேன். அன்னிக்கு மேடையில பழியை அவங்க மேல போட்டதும் நான்தான்" என்றேன். எத்தனை 'நான்' என்று எனக்கே கணக்கில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அறிவுமதி அம்மா பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, "ஆறாவது பொருளை எடுத்துடுங்க. ஜோதிக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு போடுங்க. டாக்டரையும் காளையையும் பிரிச்சு எழுதுங்க. ஐயாவோட செம்மல் பாராட்டு இனிமே வேணாம்" என்றார். நாலும் ஆல் பாஸ். எனக்குச் சமோசா கொடுக்கவில்லை. இனிமேல் எட்டு வந்துவிட்டுப் போகச் சொல்லிப் போனும் வராது.

ஏழு தினங்கள் இன்றோடு முடிகின்றன. உங்களை அக்கா அன்றைக்கே கோரிவிட்டாள். என்னை ரஞ்சனி கோருவாளா என்று இன்னும் நிச்சயமில்லை. இந்தக் கடுதாசியையும் குழம்பையும் எடுத்துக்கொண்டு நானே வந்து வாசலில் நிற்கிறேன். நீங்கள் வெளியூர் போயிருந்தால் வரும்வரை நிற்பேன். கிழித்துப் போட வேண்டாம், அக்கா உரக்கவே படிக்கலாம், விஷயம் நகராட்சி நோட்டீஸ் போர்டில் ஒட்டியாயிற்று.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பை ஜோதிதான் டைப் அடித்து ஒட்டினாள். அவள் போனபிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். 'ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் திரு. ஹயக்ரீவன்' என்று ஆரம்பித்து, தவறு திரு. ஹயக்ரீவனுடையது, எச்சரித்தும் கேளாதவர் திரு. ஹயக்ரீவன் என்று ஐந்து தடவை என் பெயரை முழுசாகப் போட்டிருந்தாள். கடைசி வரியில் மட்டும் 'மேற்படியார் தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டது பதிவு செய்யப்பட்டது' என்று இருந்தது. யாரைச் சொல்கிறது என்று பழக்கதோஷத்தில் மேலே பார்த்தேன். அடியேன்தான்.